ஸ்கோர் ரெண்டுதானுங்க

காந்திபுரத்துல நமக்குத் தைக்கிற டெய்லர் அண்ணனுக்கு ஸ்ட்ரோக்.
நடக்கிறார், பேசுறார். வாய் லேசாக் கோணல்.
வலது கைவிரல்தான் கத்திரியைப் பிடிக்க மாட்டேங்குது.

"ஸ்கோர் ரெண்டுதானுங்ணா, மைல்டுன்னாங்க"ங்கிறார் அவர் தம்பி.

ஸ்ட்ரோக் எவ்வளவு தீவிரம்னு அளக்கிற அந்த ஸ்கோர் மொத்தம் 42. அஞ்சு வரைக்கும் 'லேசு'.
கையைத் தூக்கி 10 செகண்ட் நிறுத்தச் சொல்லுவாங்க. ஊசியில நூல் கோக்கச் சொல்ல மாட்டாங்க!

ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா நாலரை மணி நேரம் கெடு. பொழப்பைக் கெடுக்கிற பாதிப்புன்னா, ஸ்கோர் கம்மியா இருந்தாலும் போடலாங்கிறாங்க.

தொடை வழியா ட்யூப் விட்டுக் கட்டியை இழுக்கிறதுலதான் குழப்பம்.
2015ல அது பலன் தரும்னு காட்டுன ஆய்வுகள்ல பெரும்பாலும் பெரிய ஸ்ட்ரோக்காரங்கதான்.
சின்ன ஸ்கோர்னா எந்த ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, உள்ள ரத்தம் கசிஞ்சா என்னாகும், கட்டியை இழுக்காம விட்டா எது போகும்னு ஆளுக்கு ஆள் எடை போடணும்.

எனக்கு வந்தா?
நாள் பூரா கட்டைவிரல்ல ரீல்ஸ் தள்ளுறவன். அது நின்னா வீட்ல பொங்கல் வெப்பாங்க.

ஏனுங்க, அந்த அவசரத்துல "இவரு டெய்லருங்க டாக்டர்"னு சொல்லணும்னு உங்க வீட்ல யாருக்குத் தோணும்?