மாதுங்காவில் நிற்காது!

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இளமையெல்லாம் உருகி உருகிக் கனவு கண்ட பம்பாய், பெரும்பாலும் சென்னையில்தான் இருந்தது.

சிரிக்காதீர்கள். 'நாயகன்' (1987) படத்தில் நாம் வாய் பிளந்து பார்த்தோமே தாராவி, அதில் பெரும் பகுதி தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட். 'பம்பாய்' (1995) படத்தின் கலவரத் தெருக்கள் எழும்பியது கிண்டியில். அதாவது, சைதாப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, பொடிநடையாகப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஒரு ஊருக்காக ராத்தூக்கம் இல்லாமல் ஏங்கியிருக்கிறேன்!

ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. 1996-ல் எனக்கு பம்பாயிலிருந்து ஒரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்தது. நாரிமன் பாயின்ட்டில் ஆபீஸ். பம்பாய் அதற்கு முந்தைய வருஷம்தான் மும்பை ஆகியிருந்தது. மெட்ராஸ் அந்த வருஷம் சென்னை ஆனது. ஊர்களே பெயரை மாற்றிக்கொண்டு புது வாழ்க்கை தொடங்கும்போது, நான் தொடங்கக் கூடாதா?

கூடாது என்றார் அப்பா. 1993 மார்ச் குண்டுவெடிப்புகளை அவர் மறந்திருக்கவில்லை. "அந்த ஊர்ல வேலை கிடைக்கும்டா. வீடு கிடைக்காது" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு இருபத்து மூன்று வயசுப் பையன் என்ன செய்வான்? ஆர்டர் பீரோவுக்குள் போனது. நான் அண்ணா சாலையில் ஒரு ஆபீஸுக்குள் போனேன்.

அன்றிலிருந்து இன்க்ரிமென்ட் வராவிட்டாலும், மேனேஜர் கத்தினாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும்கூட என்னிடமிருந்து ஒரே வசனம்தான் வரும்: "நான் மட்டும் அன்னிக்கு பம்பாய் போயிருந்தா..."

போன டிசம்பரில் என் மனைவி பொறுமை இழந்தாள். "ஒரு நடை தனியாப் போய்ட்டு வந்துடுங்க. இல்லேன்னா இன்னொரு முப்பது வருஷம் இதை என்னால கேட்க முடியாது."

கிளம்பிவிட்டேன். பையில் நாலு சட்டை, ஒரு டப்பா மாத்திரை, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த அந்த ஆர்டர்.

*

சென்னையிலிருந்து மும்பை சுமார் 1,280 கிலோமீட்டர். ரேணிகுண்டா, குண்டக்கல், ரெய்ச்சூர், சோலாப்பூர், புனே என்று ஏறத்தாழ ஒரு முழு நாள். லோனாவாலா தாண்டியதும் மலை. ரயில் ஒவ்வொரு குகையாக நுழைந்து நுழைந்து வெளியே வரும்போது என் மனசு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி படபடத்தது. பெண்ணுக்கும் வயசாகியிருக்கும் என்பதை மறந்துவிட்டேன்.

வி.டி. ஸ்டேஷனில் இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். அது ஸ்டேஷனா, அரண்மனையா, மாதா கோயிலா? 1878-ல் தொடங்கி, பத்து வருஷம் கட்டியிருக்கிறார் ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். 2004-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயர் 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017-ல் 'மகாராஜ்' சேர்ந்து இன்னும் நீண்டது. டாக்ஸிக்காரர் மட்டும் "வி.டி.யா சாப்?" என்று இரண்டே எழுத்தில் முடித்துக்கொள்கிறார்.

டாக்ஸி என்றதும் நினைவுக்கு வருகிறது. கறுப்பு மஞ்சள் பத்மினி காரில் முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் திட்டத்தில் முதல் ஐட்டம். கடைசி பத்மினி டாக்ஸி 2023-லேயே ஓய்வு பெற்றுவிட்டதாம். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்பதில் ஒரு அற்பத் திருப்தி.

லாட்ஜில் 'கடல் தெரியும் அறை' என்று புக் செய்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் சுவர். கேட்டதற்கு, "பாத்ரூம்ல பாருங்க" என்றான் பையன். பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்து வாட்டர் டாங்க்.

அப்பா சொன்னது அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் இடம் என்பதே கடனாக வாங்கியதுதான். முதலில் இது ஏழு தீவு. 1661-ல் போர்ச்சுக்கல் இளவரசி காதரினை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குக் கொடுத்தபோது, சீதனத்தோடு சீதனமாக பம்பாயையும் கொடுத்தார்கள். ராஜா 1668-ல் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் பத்து பவுண்டு வாடகைக்கு விட்டுவிட்டார். பிற்பாடு இடையிலிருந்த கடலைத் தூர்த்து ஏழையும் ஒன்றாக்கினார்கள். இன்று பத்து பவுண்டுக்கு என் லாட்ஜில் அரை ராத்திரிகூடத் தங்க முடியாது.

*

கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போனேன். ஐந்தாம் ஜார்ஜ் 1911-ல் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது. ஆனால் அவர் வந்தபோது அங்கே இருந்தது வெறும் அட்டை மாடல். அசல் முடிந்தது 1924-ல். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படை இதே வாசல் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்க ஒரு வாசல் கட்டி, அதன் வழியாகவே வழியனுப்பியும் வைத்திருக்கிறோம்!

எதிரே தாஜ் ஹோட்டல். 1903-லிருந்து நிற்கிறது. 2008 நவம்பர் 26 ராத்திரி டி.வி.யில் புகை கிளம்பிய அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. அந்த நாட்களில் நகரம் முழுக்க 166 பேர் போனார்கள். வி.டி. ஸ்டேஷனில், நான் முந்தின நாள் பெட்டியோடு நின்ற அதே கூரையின் கீழே, ரயிலுக்குக் காத்திருந்தவர்களும் அதில் உண்டு. ஒரு குடும்பம் என்னிடம் கேமரா போனை நீட்டி போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. பின்னணியில் தாஜ். குழந்தை சிரித்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்து நாரிமன் பாயின்ட். ஆர்டரில் இருந்த விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டடம் இருந்தது. கம்பெனி இல்லை. பலகையில் அந்த மாடிக்கு நேரே வேறு ஏதோ பெயர். வாட்ச்மேன் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

"என்னைத்தான்" என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.

*

துக்கத்தை மறக்க தோசைதான் மருந்து. மாதுங்காவுக்குப் போனால் நம்மூர் ஓட்டல்கள் வரிசையாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வி.டி.க்கு வந்து, டிக்கெட் எடுத்து, கண்ணில் பட்ட லோக்கலில் ஏறினேன். ஏறினேன் என்பது தப்பு. ஏற்றப்பட்டேன். மூன்று பேர் ஸீட்டில் நாலாவது ஆள் ஒற்றைத் தொடையால் உட்கார்ந்திருப்பதையும், அதை யாரும் ஆட்சேபிக்காததையும் மரியாதையோடு கவனித்தேன்.

பைகுல்லா வந்தது. தாதர் வந்தது. அடுத்தது மாதுங்கா என்று கூட்டத்தைப் பிளந்து வாசலருகே வந்து தயாராக நின்றேன். மாதுங்காவும் வந்தது. மஞ்சள் போர்டு, பிளாட்பாரம், பெஞ்சு எல்லாம் என் மூக்குக்கு எதிரே வரிசையாக ஓடி மறைந்தது. ரயில் நிற்கவில்லை. சயானிலும் நிற்கவில்லை. குர்லாவில் போய் என்னைத் துப்பியது.

டிக்கெட் மாதுங்காவுக்கு. நிற்பது குர்லாவில். செக்கிங் வந்தால் குறைந்தது 250 ரூபாய் அபராதம். வாயில் தமிழ் வந்தது. அச்சில் ஏற்ற முடியாத தமிழ்.

"தமிழா தம்பி?"

திரும்பினேன். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை, எழுபது வயசு இருக்கும்.

"மாதுங்கா போகணும். ரயில் நிக்கவே இல்லை சார்."

"அது பாஸ்ட்டுல்லா! பாஸ்ட்டு மாதுங்காவுல நிக்காது. ஸ்லோல ஏறணும். வாங்க, நான் சயான் வரைக்கும் வாரேன்."

திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் மூன்று தலைமுறையாம். தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர் இவருடைய தாத்தா. இவர் ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் பியூன். சயான் வந்ததும், "ஒரு டீ குடிச்சிட்டுப் போவலாம்" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தோசை தள்ளிப்போனது.

தாராவியில் தமிழ்ப் போர்டுகளைப் பார்த்தேன். வாழை இலைக் கட்டு, மல்லிகைப் பூ, இட்லி மாவு பாக்கெட். சந்துக்குள் எங்கேயோ தையல் மெஷின்கள் தடதடத்தன. என் சினிமாவில் இருந்த இருட்டும் மழையும் துப்பாக்கியும் இல்லை. எல்லாரும் வேலையாக இருந்தார்கள்.

டீக்கடை பெஞ்சில் ஆர்டரை எடுத்து அவரிடம் காட்டினேன். முப்பது வருஷத்தில் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் காட்டியதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இந்தச் சம்பளத்துக்கு அப்ப டோம்பிவிலி, கல்யாண் பக்கம்தான் வீடு கெடச்சிருக்கும் தம்பி. போக ஒண்ணரை மணி, வர ஒண்ணரை மணி. நின்னுக்கிட்டே. கணக்குப் போட்டுப் பாருங்க."

போட்டேன். தினம் மூன்று மணி நேரம், வருஷம் 300 நாள், முப்பது வருஷம். 27,000 மணி நேரம். ராப்பகலாகச் சேர்த்தால் மூன்று வருஷத்துக்கு மேல். மூன்று முழு வருஷம் ரயில் வாசலில் தொங்கியிருப்பேன்!

"அப்போ வராம இருந்ததே நல்லதுங்கறீங்களா?"

"நல்லது கெட்டதை நான் எப்படிச் சொல்ல? அறுபதுகள் கடைசியில மதராஸிகளுக்கு எதிரா இங்க கோஷம் கெளம்புச்சுல்லா, நான் சின்னப் பய. எங்கய்யா கதவைச் சாத்திட்டு எங்களையெல்லாம் உள்ள உக்கார வச்சிருந்தாவ. மறுநா வேலைக்குப் போய்ட்டாவ."

"ஊருக்குத் திரும்பிடலாம்னு தோணலையா அவருக்கு?"

கடிதத்தை அதே மடிப்பில் மடித்து என் கையில் கொடுத்தார்.

"எங்க தாத்தாவுக்கு யாரும் ஆர்டர் அனுப்பல தம்பி. வயிறு அனுப்பிச்சி. அப்படி வந்தவனுக்குத் திரும்புறதப் பத்தி யோசனை வராது."

டீக்கு நான் காசு கொடுக்கப் போனேன். விடவில்லை. "சாயங்காலம் எங்க போறிய?" என்றார். மெரைன் டிரைவ் என்றேன். "பாத்துட்டு வாங்க. நான் பாத்து ஆறு வருசம் ஆச்சு" என்று சிரித்தார்.

*

மெரைன் டிரைவ் பொய் சொல்லவில்லை. சுமார் மூன்றரை கிலோமீட்டர் வளைவு. ஒரு பக்கம் அலையைத் தடுக்கும் நாலு கால் கான்கிரீட் கட்டிகள். மறு பக்கம் ஆர்ட் டெகோ வீடுகள், 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. சூரியன் கடலில் இறங்கியது. மெரினாவில் உதயம்தான் கிடைக்கும். கடலில் அஸ்தமனம் எனக்கு இதுதான் முதல் தடவை. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, ராணியின் அட்டிகை கழுத்தில் ஏறியது.

சுவரில் எனக்கு இடப்பக்கம் ஒரு ஜோடி. வலப்பக்கம் கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு பையன், இருபத்து மூன்று இருக்கும், தனியாக. போனில் யாரிடமோ, "சாப்ட்டேம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று தமிழில் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். எடுத்துக்கொண்டான். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஆர்டரைக் கிழித்து அரபிக்கடலில் போடுவதாகத்தான் திட்டம். போடவில்லை. கடலில் ஏற்கெனவே குப்பை நிறைய. அது இப்போது மறுபடி பீரோவில் இருக்கிறது, பயன்படாத ஒரு மாதுங்கா டிக்கெட்டோடு.

திங்கட்கிழமை ஆபீஸில் மேனேஜர் கத்தினார். வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. "நான் மட்டும் அன்னிக்கு..." என்று வாயைத் திறந்தேன். மனைவி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

வசனம் வரவில்லை. 27,000 மணி நேரம் தொண்டையில் நின்றது.

"பக்கெட்டைக் கொடு. கீழே பம்புல அடிச்சு எடுத்துட்டு வரேன்" என்றேன்.