மூன்று மாதக் கணக்கு

மியான்மரில், லத்தா வட்டாரத்தின் மகாபந்துலா சாலையில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பேரேட்டில் ஒருநாளும் பொய்வரவு வைத்ததில்லை. என் கண் விஷயத்தில் வைத்தேன்.

இடது கண்ணுக்குள் நாள்பட்ட அழற்சி. யூவியைட்டிஸ் என்றார் டாக்டர். காசநோய் மிகுந்த 30 நாடுகளில் மியான்மரும் ஒன்று. அதனால் முதலில் அதைத்தான் தேடினார்கள். அது இல்லை, வேறு காரணமும் சிக்கவில்லை. சொட்டு மருந்தும் ஸ்டீராய்டு மாத்திரையும் தந்தார். மாத்திரையை நானாக நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

முகம் உப்பியது. தீபாவளிப் படத்தில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. மறுநாளே நிறுத்திவிட்டேன். மனைவி அட்டையை எண்ணுவாள் என்று தினமும் ஒரு மாத்திரையைப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டேன். சொட்டு மருந்து மட்டும் விட்டுக்கொண்டேன். சிவப்பு போயிற்று, வலி போயிற்று. சொட்டு மருந்து கண்ணின் முன்புறத்தோடு சரி, பின்னால் விழித்திரைவரை போதிய அளவு எட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கேளாதவன்போல் இருந்தேன்.

ஒருநாள் பேரேட்டின் கோடுகள் நெளிந்தன. விழித்திரையின் நடுவே சவ்வு படர்ந்து இழுக்கிறதாம். ஆபரேஷனில் உரித்துவிடலாம், ஆனால் அதற்கு முன் அழற்சி மூன்று மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். "மாத்திரை போடுகிறீர்களா?" "போடுகிறேன்." ஒவ்வொரு முறையும் உள்ளே அழற்சி தெரியும், மூன்று மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 'மருந்துக்குக் கட்டுப்படவில்லை' என்று ஃபைலில் எழுதினார்கள். பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தேன்.

சவ்வு விழித்திரையையே பெயர்த்துவிட்ட பிறகு காத்திருக்க வழியில்லை, ஆபரேஷன் செய்தார்கள். 1970இல் மியாமியில் ராபர்ட் மாக்கெமர் தொடங்கிவைத்த முறைதான். அரை மில்லிமீட்டர் துளைகள் வழியே கருவிகளை விட்டு, கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி உறிஞ்சி, சவ்வை உரித்து, லேசர் வைத்து, சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். பல நாள் தரையைப் பார்த்துக் கவிழ்ந்தே கிடந்தேன். இப்போது அந்தக் கண்ணுக்குக் கோடு நெளிவதில்லை. நடுவில் கோடே தெரிவதில்லை.

அடுத்த பரிசோதனையில், பழைய மருந்து தோற்றுவிட்டதென்று நம்பி, இன்னும் கடுமையான ஒன்றை எழுதப் போனார் டாக்டர். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

அவர் திட்டவில்லை. ஃபைலைப் பின்னுக்குப் புரட்டி, "எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

தேதி நாக்கு நுனியிலேயே இருந்தது.