கிரெமோனாவில் ஒரு வாரம்

எங்கள் வீட்டில் ஒரு பிடில் இருந்தது. 1948ஆம் ஆண்டு கும்பகோணத்திலிருந்து வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்த என் தந்தையார், ஒரு தகரப் பெட்டியுடனும் அந்தப் பிடிலுடனும் ஹௌரா நிலையத்தில் இறங்கினார். பகலில் அலுவலகக் கணக்கு. மாலையில் லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குழந்தைகளுக்கு ஸரளி வரிசை. இவ்வாறு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தப் பிடிலின் ஒலித்துளை வழியே உற்று நோக்கினால் பழுப்பேறிய சீட்டு ஒன்று தென்படும். 'கிரெமோனா நகரத்து அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் செய்தது' என்று இலத்தீன் மொழியில் அச்சிட்டு, 1721 என்று ஆண்டும் இட்டிருக்கும்.

அந்தச் சீட்டுத்தான் எங்கள் குடும்பத்தைப் பிரித்தது. 1996இல் தந்தையார் மறைந்தபின், பிடிலை விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார் என் தமையனார். கோடிக்கணக்கில் விலை பெறும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "அப்பாவின் நினைவை விற்பதா?" என்று நான் மறுத்தேன். அதன் விலையும் என் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். திருமண அழைப்பு, இழவுச் செய்தி இவற்றுக்கு அப்பால் எங்களிடையே பேச்சு இல்லாமற்போயிற்று. பிடிலும் பேசவில்லை. அதனுள்ளே ஏதோ ஒரு மரத்துண்டு விழுந்து உருண்டுகொண்டிருந்தது. விலை மதிப்பற்றது என்ற அச்சத்தால், லால்பஜார்ப் பகுதி இசைக்கருவிக் கடைக்காரர் எவரையும் நான் அதைத் தொட விடவில்லை.

மிலான் நகரில் பணிபுரியும் என் மகள் 2023 அக்டோபரில் எங்களை அழைத்தபோது, பிடிலையும் கையோடு எடுத்துச் சென்றேன். எட்டு நாளில் பத்து நகரங்களைக் காட்டும் சுற்றுலாவே சிறந்தது என்று உறவினர் பலர் அறிவுரை கூறினர். நாங்களோ மிலானிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலுள்ள கிரெமோனாவிலேயே ஒரு வாரம் தங்குவது என்று முடிவு செய்தோம். ஒரே ஊரில் ஏழு காலைகளைக் கழித்தால், எட்டாம் நாள் ரொட்டிக் கடைக்காரர் நம்மைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு வேகச் சுற்றுலாவில் வருவோர்க்குக் கிடைக்காது.

போ ஆற்றுச் சமவெளியில் அமைந்த சிறிய நகரம் அது. பேராலயத்தை ஒட்டிச் செங்கல்லால் எழுந்த மணிக்கோபுரம் 112 மீட்டர் உயரம். அதன் 502 படிகளில் பாதியிலேயே என் மனைவி அமர்ந்துவிட்டாள். "மலைக்கோட்டைப் பிள்ளையாரே தேவலை" என்றாள். நண்பகலுக்குப் பின் பல கடைகள் சாத்திவிடுவார்கள். மீண்டும் மாலையில் திறப்பார்கள். அந்த வேளையில் பசியோடு அலைந்த முதல் நாளுக்குப் பிறகு, ஊரார் உண்ணும் நேரத்தில் நாங்களும் உண்ணக் கற்றுக்கொண்டோம்.

உணவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டைக்கு எங்கள் வீட்டில் தடை நீங்கிப் பல காலம் ஆயிற்று, இறைச்சிதான் இல்லை. மாவுத் தகட்டினுள் பரங்கிக்காய்ப் பூரணம் வைத்து வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தரும் தொர்த்தெல்லி என்ற பண்டத்தை மூன்று நாள் மகிழ்ந்து உண்டோம். நான்காம் நாள், அதில் சேரும் கிரானா பதானோ என்ற பாலாடைக்கட்டியைப் பற்றி மகள் விசாரித்தாள். பால் திரிவதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது அதன் விதி என்று தெரியவந்தது. என் மனைவி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கடைக்காரர் எங்களை ஏமாற்றவில்லை, நாங்கள்தாம் கேட்கவில்லை. இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்டால் அந்த நாட்டில் போதாது. பாலாடைக்கட்டி எவ்வாறு உறைந்தது என்றும் சைவ உணவினர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதன்பின் சோள மாவைக் கிண்டிச் செய்யும் பொலெந்தா எங்களுக்குத் துணையாயிற்று. அது நம் களியேதான். மொஸ்தார்தா என்பது அவ்வூரின் தனிப் பெருமை. செர்ரி, பேரி, அத்தி முதலிய பழங்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, அதில் கடுகுச் சாரத்தைத் துளித்துளியாகச் சேர்க்கிறார்கள். வாயில் இட்டால் முதலில் இனிப்பு. மறுகணம் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும். "கசுந்தியைப் பழத்தில் கலந்திருக்கிறார்கள்!" என்றாள் என் மனைவி. கும்பகோணத்து மருமகள், கல்கத்தா வாழ்வினால் இத்தாலியப் பண்டத்துக்கு வங்காள உவமை சொன்னாள். தேன், முட்டை வெள்ளைக்கரு, பாதாம் சேர்ந்த தொர்ரோனே என்ற மிட்டாயும் உண்டு. 1441இல் அவ்வூரில் நடந்த ஒரு பிரபுவின் திருமணத்தில் மணிக்கோபுர வடிவில் அதனைச் செய்து பரிமாறினர் என்று கதை வழங்குகிறது.

இனி வயலினுக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் அந்திரேயா அமாத்தி இங்கே வயலினுக்கு வடிவம் தந்தார். 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரி அதனை உச்சிக்குக் கொண்டுசென்றார். அவர் கைப்பட்டவற்றுள் ஏறக்குறைய 650 கருவிகளே இன்று எஞ்சியுள்ளன என்பர். வியப்பு யாதெனில், பிற்காலத்தில் அந்த ஊரே இக்கலையை ஏறத்தாழ மறந்துபோயிற்று. அவரை அடக்கம் செய்த தேவாலயத்தை 1869இல் இடித்துவிட்டார்கள். அவர் பயன்படுத்திய அச்சுகளும் கருவிகளும் வெளியூர்ச் செல்வர் ஒருவர் கைக்கு முன்பே போய்விட்டன. பொலோஞ்ஞா நகரத்துக் கைவினைஞர் ஜுசெப்பே ஃபியோரினி 1920இல் அவற்றை விலைக்கு வாங்கி, 1930இல் கிரெமோனாவுக்கே கொடையாக அளித்தார். 1938இல் ஒரு பள்ளி தோன்றியது. பல நாட்டு மாணவர்கள் வந்து கற்றனர். 2012இல் இக்கைவினையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

இன்றும் அங்கே ஒரு கைவினைஞர் ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு கருவிகளே செய்கிறார். எழுபதுக்கும் மேற்பட்ட மரத்துண்டுகள், ஒவ்வொன்றும் கையால் இழைத்தவை. ஸ்ட்ராடிவாரி காலத்துக் கருவிகளின் ஒலியைப் பதிவு செய்வதற்காக 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வயலின் அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, ஊராரை அமைதி காக்கும்படி நகரத் தலைவர் வேண்டினார்.

நாங்கள் சென்ற பட்டறைக்கு உரியவர் ஜப்பானியப் பெண்மணி. கற்க வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். சுவரில் சின்னஞ்சிறு இழைப்புளிகள் வரிசையாக இருந்தன. விரல்நுனி அளவுள்ளதும் ஒன்று உண்டு. பிடிலை வாங்கிச் சாளரத்தருகே கொண்டுசென்று பார்த்தார். சீட்டைப் பார்த்ததும் புன்னகைத்தார். "ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் செய்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கலாம். வீடுவீடாகப் பகுதிகளைச் செய்து சேர்த்து ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள். ஸ்ட்ராடிவாரியின் மாதிரியைப் பின்பற்றியது என்று குறிக்கவே இந்தச் சீட்டு. வாரந்தோறும் யாராவது ஒருவர் இதுபோல் கொண்டுவருகிறார்" என்றார். மகள் மொழிபெயர்த்தாள். இருபத்தேழு ஆண்டுச் சண்டை இரண்டு நிமிடத்தில் பொருளற்றுப் போயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அவர் பிடிலைத் திருப்பித் தரவில்லை. அதன் தலைச்சுருளை விரலால் தடவிக்கொண்டே, "இந்த இடம் ஏன் இவ்வளவு தேய்ந்திருக்கிறது? இப்படி நான் பார்த்ததில்லையே" என்று கேட்டார். என் மகள் காலணியைக் கழற்றிவிட்டு, மரத்தூள் படிந்த அந்தத் தரையிலே சப்பணமிட்டு அமர்ந்தாள். பிடிலின் அடிப்புறத்தைத் தோளில் சாய்த்து, தலைச்சுருளை வலக்கால் கணுக்காலில் வைத்துக் காட்டினாள். முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய இசையினரிடம் கற்று இக்கருவியை நம் இசைக்குக் கொணர்ந்தார் என்பதையும், நம்மவர் அமர்ந்தே வாசிப்பதையும் விளக்கினாள். அந்தப் பெண்மணியும் தரையில் அமர்ந்துவிட்டார். "இது நாற்பது ஆண்டு வாசித்த ஒருவர் செய்த வேலை. இதை எங்கள் பட்டறையில் செய்ய முடியாது" என்றார்.

பின்பு வளைந்த கம்பி ஒன்றை ஒலித்துளைக்குள் விட்டு, விழுந்திருந்த துண்டை நிமிர்த்தி நிறுத்தினார். பசையோ ஆணியோ இன்றி, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே அழுத்தத்தாலேயே நிற்கும் சிறு குச்சி அது. இத்தாலியர் அதனை 'ஆனிமா' என்பர். உயிர் என்று பொருள். அரைமணி நேரத்தில் முடிந்த வேலைக்காக நான் கருவியை இத்தனை ஆண்டு ஊமையாக வைத்திருந்தேன்! மகள் தந்திகளை ஸட்ஜ பஞ்சமத்தில் சேர்த்து, தாத்தா கற்பித்த கீதத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிரவு சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "அண்ணா, பிடில் ஸ்ட்ராடிவாரி செய்தது இல்லையாம்" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பின்பு, "அப்பா கால் பட்டுத் தேய்ந்திருக்குமே, அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறதா?" என்று கேட்டார். நான் மறந்திருந்ததை அவர் மறக்கவில்லை.

ஊர் திரும்பும்போது மொஸ்தார்தா ஒரு புட்டியும் தொர்ரோனே இரண்டு கட்டிகளும் வாங்கினோம். ஒரு கட்டி சென்னைக்குச் சென்றது. கூடவே பிடிலும் சென்றது. இப்போது அண்ணாவின் பேத்தி அதில் ஜண்டை வரிசை வாசிக்கிறாள். சீட்டு உள்ளேயே இருக்கிறது.