பத்தடிக் காம்பராவும் ஏழு பேர்ச் காணியும்

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனை நோக்கிப் பேருந்து ஏற ஏற, வெப்பம் சிறிது சிறிதாக எம்மிடம் விடைபெற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்து வெயிலிலே வளர்ந்த எமக்கு அக்குளிர் புதுமையே. ஹட்டனைக் கடந்து டிக்கோயா வழியே நோர்வூட் செல்லும் பாதையில், ஒருபுறம் காசல்ரீ நீர்த்தேக்கம். மறுபுறம் வாரிவிட்ட தலைபோல வரிசை வரிசையாய்த் தேயிலைச் செடிகள். முன்னர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று, அப்பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம்.

அங்கே ஒரு சரிவிற் பழைய லயங்கள். எதிர்ச் சரிவிற் புதிய தனிவீடுகள். லயம் என்பது ஒரே நீண்ட கூரையின் கீழ் அடுக்கப்பட்ட அறைவரிசை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா ஒன்றும், முன்னாற் சிறு இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் உலகம். கோப்பிக் காலத்தில் எழுந்த இவ்வமைப்பு, 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை வேரூன்றிய பின்னரும் மாறவில்லை. அறையோ தோட்டத்துக்குரியது, உழைக்கும் வரையே அதில் வாசம்.

இம்மக்களின் தொகையும் பெரிதும் மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் நாட்டு மக்களில் 12 வீதத்தினர். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பல இலட்சம் பேர் கப்பலேறினர். 1981இல் அவ்வீதம் 5.5, 2012இல் 4.1. எஞ்சியோருள்ளும் இளையோர் கொழும்புக் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடிச் செல்கின்றனர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டபோது அங்கே உழைத்தோர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். இன்று அதிற் பாதியும் இல்லை.

இந்நிலையிலேதான் புதுவீடுகள் எழுந்தன. இந்திய உதவியுடன் 4,000 வீடுகள். 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பது அத்திட்டத்தின் அளவு.

எம் மாணவரின் பாட்டியார், வேறொரு திட்டத்திற் கிடைத்த அத்தகைய வீடொன்றில் எம்மை வரவேற்றார். இரண்டு படுக்கையறைகள், கூடம், சமையலறை; யாவும் துப்புரவு. ஆனால் வீட்டில் அவரும் ஒரு பேரக்குழந்தையும் மட்டுமே.

“லயத்துல எட்டுப் பேரு இருந்தோங்க ஐயா, கால் நீட்ட எடம் இல்ல. இப்ப எடம் இருக்கு, ஆளுகதான் இல்ல” என்று சிரித்தார்.

தேநீர் அருந்தியபின், தகரப் பெட்டியிலிருந்து மடித்த தாளொன்றைப் பக்குவமாக எடுத்துவந்தார். “இது உறுதிதானுங்களா? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க ஐயா.”

வாசித்தோம். அது வீடு கையளிக்கப்பட்டமைக்கான கடிதமே, காணியுறுதி அன்று. சொல்லாமல் விடலாமா என ஒருகணம் தயங்கினோம். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் பொய்யுரைத்தல் தகாது என்று, உள்ளதைச் சொன்னோம். அம்மூதாட்டி சினக்கவில்லை. தாளை முன்போலவே மடித்து, “அப்ப அதுவும் வரட்டும்; இது இருக்கட்டும்” என்று பெட்டியில் வைத்தார்.

இளையோர் போனபின் வீடெதற்கு என்று வினவுவாரும் உளர். நாம் கண்டதோ வேறு. தோட்டத்திற் பெயர் பதிந்து உழைக்க ஒருவரேனும் இல்லையெனின் லயக் காம்பராவும் நிலையாது என்ற அச்சத்தினாலே, படிக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் கொழுந்துக் கூடையைத் தோளேற்றினர்! வேலையோடு வீட்டைப் பிணைத்த அம்முடிச்சு அவிழ்ந்தால், போக விரும்புவோர் அஞ்சாமற் போகலாம். திரும்ப விரும்புவோர் உரிமையோடு திரும்பலாம். அம்முடிச்சை அவிழ்ப்பது செங்கல்லன்று; உறுதித் தாளே.

புறப்படும்போது பாட்டியார் வாசல்வரை வந்தார். முற்றத்தில் அவர் நட்ட கறிவேப்பிலைக் கன்று முழங்காலளவு வளர்ந்து நின்றது. “பொங்கலுக்கு எல்லாரும் வருவாங்க, நீங்களும் வாங்க ஐயா” என்றார். அப்பெட்டியில் அன்று இன்னொரு தாளும் இருத்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுதல்.