தார் நூலாகும் இடம்

எஃகு ஆலைக் கோக் சூளையில் ஒரு டன் நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டால், கோக்கோடு 30, 40 கிலோ தாரும் வரும். அந்தத் தாரைக் காய்ச்சி வடித்தபின் அடியில் நிற்கும் கறுப்புக் கட்டிதான் பிட்ச். செயற்கைக்கோளுக்கு ஆகிற கார்பன் இழையை அதிலிருந்து எடுக்கும் வேலையைப் பழகத்தான் தில்லியில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன்.

கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் யாரும் பிட்சைத் தொடக்கூடாது. அதிலுள்ள பென்சோபைரின் புற்றுநோயை வரவழைக்கும். இந்தக் கண்டிப்பை எல்லா ஆலைகளிலும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் வடிகட்டல். நுண்கரித் துகள் தங்கிவிட்டால் பின்னால் இழை அங்கேதான் அறும். பிறகு நைட்ரஜன் ஓடவிட்டு, 400 டிகிரி வாக்கில் கிளறிக்கொண்டே வைத்திருப்போம். எங்கள் மூத்த டெக்னீஷியன் கொஞ்சம் மாதிரி எடுத்து, மெருகேற்றி, தளவிளைவு நுண்ணோக்கியில் வைத்து, "இங்கே பார், பேட்டா" என்றார். ஒரே நிறமான பரப்பில் நீலமும் மஞ்சளுமாய்ச் சின்னச் சின்ன உருண்டைகள். உருகிய பிட்சுக்குள் தட்டையான மூலக்கூறுகள் வரிசைகட்டத் தொடங்கிவிட்டன. இந்த மீசோபேஸ் நிலையை ஆஸ்திரேலியாவில் புரூக்ஸும் டெய்லரும் 1965இல் விளக்கினார்கள். உருண்டைகள் கூடிக் கலந்து பரப்பெங்கும் நிறம் பரவும்வரை பொறுக்க வேண்டும். அதையும் தாண்டினால் பிட்ச் இறுகி நூலுக்கு உதவாது. கிளறியின் மோட்டார் சத்தம் கனப்பதைக் கேட்டே அவர் அடுப்பை அணைத்துவிடுவார்.

உருகிய பிட்சை நுண்துளைத் தட்டு வழியே இழையாய் இழுத்துச் சுற்றுவது கண்ணுக்கு அழகான வேலைதான். ஆனால் அந்தப் பச்சை இழை அப்பளமாய் நொறுங்கும், சூடுபட்டால் மறுபடி உருகும். அதை உருகாத இழையாக்குவது காற்றடுப்பு. நிமிடத்துக்கு ஒரு டிகிரி வாக்கில் ஏற்றி 300 டிகிரிப் பக்கம் கொண்டுபோவோம். ஆக்சிஜன் உள்ளே புகுந்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும். அவசரப்பட்டால் தோல் மட்டும் இறுகி நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும், அடுத்த உலையில் இழைகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அடுப்பில் வெந்தது எடை கூடி வருவதைத் தராசில் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஏறிய எடை ஆக்சிஜனுடையது. இழை தேறிவிட்டதா என்று முதலில் அதைத்தான் பார்ப்போம்.

அப்புறம் ஆர்கான் வாயுவில் 1000 டிகிரிக்கு மேல். உயர்தர இழைக்கு 2500ஐயும் தாண்டும். அப்படித் தேறும் சிலவகை இழைகள் செம்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும்.

வெட்டும் நிலக்கரியையெல்லாம் இழையாக்கிவிடலாம் என்பாரோடு நான் ஒத்துப்போகமாட்டேன். கோக் சூளை தருகிற தாரையே முதலில் ஒழுங்காகப் பயன்படுத்தலாம். அதிலும் ஆலைக்கு ஆலை பிட்ச் மாறுகிறது. புதுச் சரக்கு வந்ததும் வடிகட்டும் பக்குவத்தையும் காய்ச்சும் நேரத்தையும் திரும்ப வகுக்கிறோம். இப்போது அந்த வேலை என் பொறுப்பில்.