எந்தப் பேத்தைக்கு நம் வீடு பொருந்தும்?

கடலோர ஊர்க்காரர்களுக்குப் பேத்தை புதிய மீன் அல்ல. கரைவலை ஏறியதும் சாளையையும் காரலையும் பொறுக்கிக் கூடையில் போடுகிறவர்கள், பேத்தையை மட்டும் எடுத்து மணலில் வீசிவிடுவார்கள். நஞ்சுள்ளது என்பதால் யாரும் சமைக்க எடுப்பதில்லை. அதே குடும்பத்தில், உப்பு வாடையே அறியாமல் ஆற்றில் பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்து முடிக்கும் இனங்களும் உண்டு. காங்கோ, நைல், அமேசான், மேகாங் என்று உலகின் பெரிய ஆறுகளில் அவை இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில், கேரளத்துப் பம்பையிலும் ஒன்று இருக்கிறது.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த நன்னீர்ப் பேத்தைகள் மேல் தீராத ஆசை. எனக்கும் அப்படித்தான். அதன் கண்கள்தான் காரணம். இரண்டும் தனித்தனியே சுழலும். ஒரு கண் தரையில் ஊரும் நத்தை மேல் இருக்க, இன்னொரு கண் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நம் மேல் இருக்கும். தீனி போடுகிறவர் பக்கத்தில் வந்தால் கண்ணாடியோரம் வந்து காத்து நிற்கும். மற்ற மீன்களைப் போல வாலை வீசி ஓடாமல், சின்னத் துடுப்புகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். வேண்டுமென்றால் பின்பக்கமாகவும் போகும். பார்க்கிறவர்கள் இந்த முகத்தில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேத்தை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அது எந்தத் தண்ணீரில் வாழ்வது, எவ்வளவு வளரும், அதன் பல் என்ன கேட்கும் என்பவற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வண்ண மீன் கடையில் அப்பாவும் மகனும் ஒரு தொட்டி முன்னால் நின்றிருந்தார்கள். பளிச்சென்ற பச்சை முதுகில் கரும்புள்ளிகள் கொண்ட பேத்தைக் குட்டிகள். “நல்ல தண்ணி மீன்தான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். குட்டிகள் நல்ல தண்ணீரில் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. ஆனால் இந்தப் பச்சைப் புள்ளிப் பேத்தை, இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரையுள்ள கழிமுகங்களின் மீன். குட்டியாக இருக்கும்போது நன்னீரைத் தாங்கும். வளர வளர உப்பு வேண்டும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறதென்றால், வளர்ந்த மீனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்காவது தேவை. அதுவும் சமையல் உப்பு உதவாது. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவைதான் சரி. நன்னீரிலேயே விட்டுவைத்தால் மெல்ல நலிந்து, வாழவேண்டிய காலத்துக்கு முன்பே சாகும். முதுகில் எட்டு வடிவக் கோடுள்ள ‘ஃபிகர் எய்ட்’ பேத்தைக்கும் ஓரளவு உப்பு வேண்டும். இந்தப் பச்சைப் பேத்தையின் மரபணுத்தொகுதி முழுவதையும் அறிவியலாளர்கள் படித்து, 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டுவிட்டார்கள். முதுகெலும்புள்ள உயிர்களிலேயே மிகச் சிறிய தொகுதிகளில் அது ஒன்று. அவ்வளவு ஆராயப்பட்ட மீனுக்கு உப்பு வேண்டும் என்ற அடிப்படைச் செய்தி, அதை விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் போய்ச் சேராமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் மகனைச் சமாதானப்படுத்தி, வேறு மீன் பார்க்க அழைத்துப் போனார்.

உண்மையான நன்னீர் இனமென்றால் மட்டும் போதுமா? காங்கோவின் ‘எம்பு’ பேத்தை முழுக்க நன்னீர் மீன்தான். விரல் நீளக் குட்டியாக விற்பனைக்கு வரும் அது, இரண்டு அடிக்கும் மேல் வளரும். அது உடம்பைத் திருப்பி நீந்த ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். வீட்டுக் கூடத்தில் நடக்காத காரியம். நைல் ஆற்றின் ‘ஃபஹாகா’ ஒன்றரை அடியைத் தொடக்கூடியது. ஒரு தொட்டியில் ஒன்றுதான். கூட எந்த மீனைப் போட்டாலும் கடித்துக் குதறிவிடும். ‘பெரிதானதும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்’ என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் அதிகம். அந்தத் தொட்டியை வாங்குகிறவர்கள் குறைவு.

அடுத்தது பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல் தகடுகள் சேர்ந்து கிளி மூக்குப் போல ஓர் அலகாக இருக்கும். அது வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள நத்தையையும் சிப்பியையும் கடித்துத் தின்றால் தேயும். தேயாவிட்டால் வாயைத் திறக்க முடியாமல் மீன் பட்டினி கிடக்கும். அமேசான் பேத்தை சாதுவானது, கூட்டமாக ஓயாமல் நீந்துவது, அளவிலும் சிறியது. ஆனால் அதன் பல் வளரும் வேகம் அதிகம். கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி, சின்னக் கத்தரியால் பல்லை வெட்டிவிட வேண்டிவரும். அதற்குக் கை நடுங்காதவர்கள் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், சாதாரண வீட்டுக்கு மிஞ்சுவது பம்பையின் குட்டிப் பேத்தைதான். கடைகளில் ‘பீ பஃபர்’ என்பார்கள். 1941-இல் விலங்கியலாளர்கள் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்று மீனைக் கொண்டு இதை அறிவியல் உலகுக்கு விவரித்து, திருவிதாங்கூரின் பெயரை இதற்கு வைத்தார்கள். முழு வளர்ச்சியில் இரண்டரை சென்டிமீட்டர், மிஞ்சினால் மூன்றரை. ஒரு துளி உப்பும் வேண்டாம். தனியாக ஒன்று வளர்க்க 20 லிட்டர் தொட்டி போதும். நான்கைந்து ஆண்டு வாழும்.

இது வேட்டையாடுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். செடியோடு வந்த குட்டி நத்தை ஒன்று கண்ணாடியில் ஊர்கிறது. பேத்தை அதற்கு ஓர் அங்குலம் தள்ளி வந்து நிற்கிறது. வாலை ஒரு பக்கமாக வளைத்துக்கொள்கிறது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் திரிந்த இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் வந்து குவிகின்றன. நத்தையின் உணர்கொம்பு வெளியே நீளும் வரை அசையாது. நீண்டதும் ஒரே பாய்ச்சல். ‘டிக்’ என்று ஓடு கண்ணாடியில் மோதும் ஓசை. நத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மறுபடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். இந்தப் பொறுமையை வேறெந்த அங்குல மீனிடமும் நான் கண்டதில்லை.

சின்ன மீன் என்பதற்காகச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். உலர் தீனியைப் பெரும்பாலும் தொடாது. குட்டி நத்தை, டாஃப்னியா, உறையவைத்த பிளட் வார்ம், மருந்து படாத தண்ணீரில் வளர்ந்த கொசுப்புழு இவைதான் அதன் சாப்பாடு. கப்பி, ஃபைட்டர் போன்ற நீள வால் மீன்களோடு போட்டால் வால் மிஞ்சாது. தன் இனத்தோடும் சண்டை உண்டு. ஐந்தாறு வளர்ப்பதென்றால் 80 லிட்டராவது வேண்டும், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி செடி அடர்ந்திருக்க வேண்டும், ஆண் ஒன்றும் மற்றவை பெண்ணுமாக இருப்பது நல்லது. வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கருங்கோடு ஓடும். தீனியைச் சிதறடித்துத் தின்பதால் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையாவது மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கித்தான் ஊற்ற வேண்டும். மீன் வருவதற்கு முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெற ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சமவெளியில் ஹீட்டருக்குத் தேவை அரிது. மே மாதம் தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை.

வீட்டுக் குழந்தைகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உப்ப வைத்துப் பார்ப்பதற்காக இதைச் சீண்டக் கூடாது. பயத்தில்தான் பேத்தை தண்ணீரை விழுங்கி உப்புகிறது. தண்ணீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கிவிடும். அதை வெளியேற்ற முடியாமல் சாகவும் கூடும். இடம் மாற்றும்போது வலையை விட்டுவிட்டு, ஒரு டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுப்பதே பாதுகாப்பு.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது. இந்த மீன் உலகத்தில் கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மட்டுமே இயற்கையாக இருக்கிறது. ஐ.யு.சி.என். செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனமாக இடம்பெற்றிருக்கிறது. ஆற்றின் சீர்கேடு ஒரு காரணம். நம்மைப் போன்ற தொட்டிக்காரர்களுக்காக ஆற்றிலிருந்து அள்ளி எடுப்பது இன்னொரு காரணம். அப்படிப் பிடித்து வருபவை பல நேரம் குடலில் புழுக்களோடு, வயிறு ஒட்டிப்போய் வருகின்றன. ஆனால் இது தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மீன். பாசிக்கொத்தில் இடும் முட்டை ஐந்தாறு நாளில் பொரியும். ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: கடையில் முதல் கேள்வியாக “இது ஆத்துல பிடிச்சதா, தொட்டியில பிறந்ததா?” என்று கேளுங்கள். தொட்டியில் பிறந்தது என்றால், நம் கண் முன்னால் தீனி போடச் சொல்லி, வயிறு உருண்டையாக இருப்பதை வாங்குங்கள். பதில் தெரியவில்லை என்றால் காத்திருங்கள். வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ ஆற்றிலோ விடாமல், வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தொட்டியில் பிறந்ததைக் கேட்டு வாங்குகிறவர்கள் கூடினால், வளர்த்து விற்கிறவர்களும் கூடுவார்கள். பம்பையில் வலை போடுவது குறையும்.