வாத்துக்கு எது சொந்த ஊரு?

ஜனவரி வந்தா டெல்லியில பிள்ளைகளை வீட்டுக்குள்ளயே பொத்தி வச்சுக்கணும்ங்கறது தங்கமணி கட்சி. போன ஞாயிறு ஒருவழியா அவங்களைச் சம்மதிக்க வச்சு, 5 வயசு மகளோட குருகிராம் பக்கம் சுல்தான்பூர் தேசியப் பூங்காவுக்குப் போனோம்.

போறவங்களுக்குச் சில விஷயம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பனிமூட்டம் விலகி வெயில் வந்தப்புறம், 10 மணிக்கு மேல போங்க. காத்து ரொம்ப மோசமான நாள்ல வேண்டாம். ஏரியைச் சுத்தி சமதளப் பாதைதான், வாண்டுகளே நடந்துடும். ஒரே குண்டு ஜாக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு மூணு மெல்லிசு ஸ்வெட்டர் போட்டுவிட்டா, வெயில் ஏற ஏறக் கழட்டலாம். முழுச் சுத்தும் நடந்தே தீரணும்னு வைராக்கியம் வேண்டாம். நாங்க பாதியிலயே உக்காந்துட்டோம்.

உக்கார வச்சது வரித்தலை வாத்துக் கூட்டம்.

"இமயமலையைத் தாண்டி வருது பாப்பா. திருநெல்வேலியில தாத்தா ஊருக்குப் பக்கத்துல கூந்தன்குளத்துக்கும் இதே வாத்து வரும்"னேன்.

"அப்ப அதுக்கு எது சொந்த ஊரு?" இந்தியிலதான் கேட்டா.

"குஞ்சு பொரிக்கிற ஊருதான்"னு சட்டுனு சொல்லிட்டேன். அவ பொறந்தது டெல்லியிலன்னு அப்புறம்தான் உறைச்சுது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போடணும். மே லீவுல போனா வாத்து இருக்காது :)